கிறேசின் தலைமயிர்

இயேசு மரி சூசை

பேசாலை
14.06.2016

என்ர அன்பு மகன் கொன்ஸ்ரன்ரைனுக்கு அம்மா எழுதுறது.

நாங்கள் சுகம், நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுறம் எண்டுதான் வழக்கமா எழுதத் தொடங்கிறனான். அப்பா சுகம். எனக்கும் காய்ச்சல் தடிமன் ஒண்டுமில்லை. ஆனா சுகம் எண்டு எழுதக் கை வருகுதில்லை. ஏன் எண்டு வாசி, விளங்கும்.

போன் இருக்கேக்க கடிதம் ஏன் எண்டு கேப்பாய். போனில நான் ஒரு வசனம் முடிக்க முந்தி நீ குறுக்க விழுவாய். இல்லாட்டி வேலை அம்மா, பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிடுவாய். கடிதத்துக்குக் குறுக்க ஒருத்தரும் விழேலாது. அங்க உனக்குக் கிட்ட இருக்கிற வலன்ரைன் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை பிரான்சுக்குத் திரும்புறான். அவன்ர பையில உனக்குப் பாரைக் கருவாடும் மிளகாய்த்தூளும் வைச்சு, அதுக்கு மேல இதை வைச்சு விடுறன். முதல் இதை வாசி. கருவாடு பழுதாகாது.

இஞ்ச சோளகக் காத்து பேய் மாதிரி அடிக்குது. அப்பா கடலுக்குப் போறது குறைவு, வீட்டில இருந்து என்னோட கொளுவுறார். உன்ர கலியாணத்துக்கெண்டு வெள்ளை அடிச்ச மதிலில கழுதையள் வந்து முதுகு தேய்ச்சு அரைவாசியை அழிச்சுப் போட்டுதுகள். போன ஞாயிறு கோயிலில உங்கட கலியாண அறிவித்தல் முதலாம் ஓலை வாசிச்சாச்சு. பங்குச் சுவாமி உன்ர பேரையும் தோட்டவெளி கிறேசின்ர பேரையும் சொல்லேக்க முன் வாங்கில இருந்தவையெல்லாம் என்னைத் திரும்பிப் பாத்தவை. எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சும்மா சொல்லக்கூடாது.

அந்தப் புளுகத்தோடதான் நேற்றுத் தோட்டவெளிக்குப் போனனான். பொம்பிளைக்குத் தலையில போடுற வெள்ளை நெற்று முக்காடும் கிரீடமும் மாப்பிளை வீட்டார்தானே எடுக்கவேணும். கொழும்பில தைப்பிச்சு வந்திட்டுது. தலையில வைச்சு அளவு பாத்தால்தான் ஊசி குத்துற இடம் தெரியும். சொல்லிப்போட்டுப் போனா கிறேசின்ர தாய் அருள்நாயகி இறால் வாங்கி, கோழி அடிச்சு அமர்க்களப்படுத்துவா எண்டு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினன். பெட்டியை மடியில வைச்சு ஒரு குழந்தையைப் போலக் கொண்டு போனன்.

படலையைத் திறந்து போறன், கிணத்தடியில ஒரு பிள்ளை குனிஞ்சு இருந்து தலையை இழுத்து இழுத்து வாருது. சத்தியமாச் சொல்லுறன் மகன், அது கிறேஸ் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆரோ நோயில கிடந்து எழும்பின வருத்தக்காரப் பிள்ளையாக்கும் எண்டு நினைச்சன். உச்சியில கொஞ்சம் மயிர் அலை அலையா எழும்பி நிக்குது. அதுக்குக் கீழ ஈர்க்கில் மாதிரி நேரா, உயிரில்லாமல் தொங்குது. பிடரியில குட்டை குட்டையா முறிஞ்சு போய்க் கிடக்குது. ஒரு காதுக்குப் பின்னால பொருக்குக் கட்டின புண். சீப்பு ஒவ்வொருக்கா இறங்கேக்கயும் மயிர் கொத்தா நிலத்தில விழுகுது. நிமிர்ந்து என்னைக் கண்டவுடன அந்தப் பிள்ளை துவாயை எடுத்துத் தலையை மூடிச்சுது பார், அப்பதான் முகம் தெரிஞ்சுது. ஐயோ மாதாவே எண்டு கத்திப்போட்டன்.

தை மாதம் நீ வந்து நிண்டு நிச்சயம் செய்யேக்க அவளுக்குப் பூ வைச்சது நான். எண்ணெய் வைச்சு வாரிப் போட்ட கொண்டை ஒரு தேங்காயளவு இருந்தது. என்ர கைக்குள்ள அடங்கேல்லை. அந்த மயிர் எங்க போச்சு? எனக்கு வேற ஒண்டும் யோசிக்கத் தெரியேல்லை. என்ர வாய் உனக்குத் தெரியும்தானே. சவுரி வைச்சுக் கட்டி எங்களை ஏமாத்திப் போட்டியள், பிள்ளைக்குத் தலையில வருத்தம் இருக்கிறதை மறைச்சுப் போட்டியள், இப்பவே போய்ச் சுவாமியிட்டச் சொல்லி ரெண்டாம் ஓலையை நிப்பாட்டுறன் எண்டு கிணத்தடியில நிண்டு கத்தினன். பக்கத்து வீட்டுச் சனம் வேலிக்கு வந்திட்டுது. நெற்றுப் பெட்டியை நிலத்தில வைச்சனோ எறிஞ்சனோ எண்டு இப்பவும் ஞாபகமில்லை.

அருள்நாயகி வாய் திறக்காத மனுசி. என்ன சொன்னாலும் ஓம் மச்சாள், ஓம் மச்சாள் எண்டு நிப்பா. நேற்று அந்த மனுசி எனக்குக் குறுக்க வந்தா. சத்தம் போடாதேங்கோ மச்சாள், இந்தக் கோலத்துக்கு ஆக்கினது உங்கட மகன்தான், அவரைக் கேளுங்கோ எண்டு சொன்னா. கிறேஸ் ஓடி வந்து தாயின்ர வாயைப் பொத்தினாள். அதைப் பாத்தவுடனதான் இதில பொய் இல்லை எண்டு எனக்கு விளங்கிச்சுது.

பிறகு ஒவ்வொண்டா வந்துது. நீ திரும்பிப் போன பிறகு ஒருநாள் அவள் முழுகிப்போட்டுத் தலையை விரிச்சபடி உன்னோட போனில முகம் பாத்துக் கதைச்சவளாம். நீ அவளின்ர சுருளைக் கண்டிட்டு, இதென்ன கோலம், நேராக்கு எண்டனியாம். அதுக்குப் பிறகு நீ எடுக்கிற நேரம் பாத்து, சூடாக்கிற கம்பியால ஒவ்வொரு நாளும் தலையைத் தேய்ச்சுப்போட்டு வந்து உனக்கு முன்னால இருந்திருக்கிறாள். அதுவும் உனக்குப் போதாமல் போச்சு. நிரந்தரமா நேராக்கிற மருந்து இருக்கு, அதை வை எண்டனியாம். பாஸ்குத் திருநாள் முடிய ரவுனில ஆரோ ஒருத்தியிட்டப் போய் வைச்சிருக்கினம். நெருப்பா எரிஞ்சுதாம். எரிஞ்சாத்தான் பிடிக்கும், பொறுத்துக்கொள் எண்டு அந்த மருந்து வைச்சவள் சொன்னவளாம். இந்தப் பிள்ளையும் செபமாலையைக் கையில பிடிச்சுக்கொண்டு பொறுத்திருக்குது.

மயிர் கொட்டுது எண்டு உனக்குச் சொன்னவளாம். நீ என்ன சொன்னனீ? அடியில திரும்பச் சுருள் வருகுது, கலியாணத்துக்கு முந்தின கிழமை இன்னொருக்கா வை, படத்துக்கு வடிவா வரும் எண்டனியாம். மகன், ஒரு புண்ணுக்கு மேல இன்னொருக்கா நெருப்பு வை எண்டு என்ர வயித்தில பிறந்த பிள்ளை சொல்லுமோ?

அப்பவும் நான் உனக்காகத்தான் கதைச்சன். அவன் பகிடிக்குச் சொல்லியிருப்பான், அங்கத்தைய ஆக்களின்ர ஸ்ரைலைப் பாத்துச் சொல்லியிருப்பான் எண்டன். அருள்நாயகி பொறுக்கேலாமல் மற்றதையும் சொல்லிப் போட்டா. எங்கட அம்மான்ர தலை கிழிஞ்ச வலைக் குவியல் மாதிரி, சின்னனில அவவோட வெளியில போக எனக்கு வெக்கம், அப்பிடி ஒரு தலையை என்ர வீட்டில இனிப் பாக்க மாட்டன் எண்டு கிறேசிட்டச் சொன்னனியாம்.

அப்பிடியே கிணத்துக்கட்டில இருந்திட்டன். பள்ளிக்கூடத்தில கூட்டம் எண்டால், வெயில் அம்மா, நீங்கள் ஏன் அலையிறியள் எண்டு சொல்லிப்போட்டு நீ அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவாய். என்ர பிள்ளைக்கு என்னில எவ்வளவு பட்சம் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். என்னை மாதிரிச் சுருண்ட உன்ர தலையை நீ ஒட்டக் கத்தரிச்சுக்கொண்டு திரியிறதும் ஏன் எண்டு இப்பதான் விளங்குது. சரி, அது போகட்டும். இது என்னைப்பற்றின கடிதமில்லை.

கொஞ்ச நேரத்தால எழும்பி என்ர கொண்டையை அவிட்டன். அருள்நாயகி பயந்து போனா, நான் சண்டைக்கு நிக்கிறன் எண்டு நினைச்சிருப்பா. கிறேசைக் கூப்பிட்டு, பிள்ளை, வந்து பார், இதுதான் அந்தக் குவியல் எண்டு முதுகில விரிச்சுக் காட்டினன். அவள் தொட்டுப் பாத்தாள். மாமி, இது வடிவாத்தானே இருக்கு, கடல் அலை மாதிரி எண்டு சொல்லிப்போட்டு அழத் தொடங்கினாள். நானும் அழுதன். வேலியில நிண்ட சனமும் மூக்கைச் சிந்திச்சுது.

அவளின்ர கையில இருந்த பேன்சீப்பை வாங்கி வளவுக்கு வெளியில எறிஞ்சன். காய்ஞ்ச சுருள்மயிரை அந்தச் சீப்பால வாருறது முள்ளுக்கம்பியில சீலையை இழுக்கிறது மாதிரி. தலையை நனைச்சு, செவ்வரத்தைச் செடியில இலை பிடுங்கிக் கசக்கி, அந்த வழுவழுப்பை மெதுவாத் தடவி, தலை ஈரமாயிருக்கேக்கயே விரலாலயே சிக்கெடுத்தன். புண்ணில படாமல் பாத்துக்கொண்டன். துவாயால தேய்க்க விடேல்லை. தாயிட்டப் பழைய பருத்திச் சாரத்துணி ஒண்டு வாங்கி, பிழியாமல் ஒத்தி ஒத்தி எடுத்தன். கிணத்துத் தண்ணி உவர், கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணியில ஒரு வாளி எடுத்து வை எண்டு சொல்லிக் குடுத்தன். காயக் காய உச்சியில இருந்த கொஞ்ச மயிரும் தானாச் சுருண்டு வந்துது. இருந்த மயிருக்கு அது எவ்வளவு வடிவு தெரியுமோ! கண்ணாடியில பாத்துப்போட்டு அவள் சிரிச்சவள். ஆனா கீழ்ப் பாதி செத்துத்தான் கிடக்குது.

இண்டைக்குக் காலமை அவளைக் கூட்டிக்கொண்டு உப்புக்குளத்துக்குப் போனன். பொம்பிளையை உடுத்தி அலங்கரிக்க நாங்கள் பேசி வைச்ச ஹிதாயா அங்கதான் இருக்கிறா. தலையைப் பிரிச்சுப் பாத்தவுடன அல்லாஹ்வே எண்டு கையை உதறினா. இந்தப் புண்ணில இன்னொருக்கா மருந்து பட்டால் அந்த இடத்தில இனி மயிர் முளைக்காமலும் போகலாம், டொக்டரிட்டக் காட்டி மருந்து பூசுங்கோ, செத்ததை இப்பவே வெட்டி விடுங்கோ எண்டு சொன்னா. வெட்டினால் தோள் முட்டாது. பரவாயில்லை, சுருள்மயிர் தானா மேல எழும்பிக் கிரீடத்தைத் தாங்கும், நான் வடிவா உடுத்தி விடுறன், ஆனா திரும்ப மருந்து வைச்சால் நான் அந்தக் கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டும் சொல்லிப் போட்டா. டொக்டரிட்டயும் காட்டினனாங்கள். அவரும் அதைத்தான் சொன்னவர்.

எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்திட்டுக் கிறேஸ் என்ன சொன்னவள் எண்டு நினைக்கிறாய்? அவர் சொன்னால்தான் வெட்டுவன் மாமி, அவர் இன்னொருக்கா வைக்கச் சொன்னால் வைப்பன், கலியாணம் குழம்பினால் அம்மா செத்துப்போவா எண்டாள். நான் திகைச்சுப் போனன். உனக்கு ஒரு மனுசி தேடினமோ, இல்லாட்டி உனக்குப் பயந்து நடுங்க ஒரு ஆளைத் தேடினமோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

அப்பாவுக்குச் சொன்னன். கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர், ஊசியைக் கீழ வைச்சிட்டார். அவன்ர தலை மட்டும் எங்கயிருந்து வந்ததாம் எண்டு கேட்டார். சோறு போட்டுக் குடுத்தன், கையைக் கழுவிப்போட்டு எழும்பிட்டார். உனக்குப் போன் எடுக்கப் போனவரை நான்தான் மறிச்சன். அந்தக் கோவத்தில அவர் கதைச்சால் பிறகு உங்கள் ரெண்டு பேருக்கும் கதை இராது.

இப்ப நான் சொல்லுறதைக் கேள். வாற ஞாயிறு ரெண்டாம் ஓலை. அதுக்கு அடுத்த ஞாயிறு மூண்டாம் ஓலை. தடை ஏதும் தெரிஞ்சவை அறிவிக்கவேணும் எண்டு சுவாமி கேப்பார். அதுக்கு முந்தி நீ கிறேசுக்குப் போன் எடுத்து, மருந்து வேண்டாம், செத்ததை வெட்டு, உன்ர தலை உன்ர தலைதான் எண்டு உன்ர வாயால சொல்லவேணும். சும்மா எனக்காகச் சொல்லாதை, அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்துச் சொல்லு. மனமில்லையெண்டால் அதையும் இப்பவே சொல்லிப்போடு. ரெண்டும் இல்லையெண்டால் பெத்த தாய் நானே கோயிலுக்கு நடுவில எழும்பி நிப்பன். ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும். அந்தப் பிள்ளையை மொட்டையாக்கி உன்ர படத்துக்கு நிப்பாட்ட நான் விடமாட்டன்.

கோவத்தில எழுதிப்போட்டன், சாபமா எடுக்காதை. நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டா. எந்த நாளும் உனக்காகத்தான் மன்றாடுறன், இண்டைக்கும் மன்றாடினனான்.

இன்னும் ஒண்டு கேக்கவேணும். நீ வந்து இறங்கிற அண்டைக்குக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வர வான் பேசியிருக்கு. உன்னோட வேலை செய்யிற சிநேகிதரும் வருகினம் எண்டு சொன்னனீ. நானும் வரட்டோ, அப்பா மட்டும் வந்தால் போதுமோ? எதெண்டாலும் சொல்லு மகன், நான் கோவிக்க மாட்டன்.

இப்படிக்கு,
உன்ர அம்மா
மார்த்தா சிங்கராசா