ரயிலடியில் நின்றுபோன கதை

திருத்தணி
ஆனி மாதம், 1956

சௌபாக்கியவதி மனோரமாவுக்கு, மூவுலகும் புகழும் உன் தாய்மாமன் பங்காரு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் மலையும் மலைமேல் இருப்பவனும் சௌக்கியம், நாக்பூரில் நீ சௌக்கியமா என்று எழுது.

நைனா என் கடிதத்துக்கு ஒரு வரி பதில் போடுவதில்லை, என்மேல் பாசமில்லை, ஆடிக் கிருத்திகைக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் நீ அனுப்பிய நாவல் வழியாகத்தான் அங்கே போகமுடியும். சண்டை முடிந்து திரும்பிய வாலிபர்களின் கதை, படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள் என்றாயே, என் ஆங்கிலத்தைக் கேட்டால் லண்டன் மாநகரம் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலந்தோறும் தமிழாக்கி உரக்கப் படித்தேன். உன் அம்மா அதைப் புராணம் என்றே நினைத்து விளக்கேற்றி எதிரில் உட்கார்ந்துவிட்டாள். உன் நைனா வழக்கம்போல வாசற்படியில் முதுகைக் காட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மலையில் மேகம் இறங்கியிருந்த நாட்கள், எனக்கு எது எந்த ஊர் என்றே புரியவில்லை. அந்தச் சீமை மழை நம் மலைப்படிகளில் பெய்தது, தொப்பி போட்ட வாலிபர்கள் நந்தியாற்றங்கரையில் காவடிகளுக்கு வழிவிட்டு நடந்தார்கள், குடித்தார்கள், சிரித்தார்கள், உள்ளே இருப்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

கடைசி நாள் அக்கா சுண்டலும் ஆரத்தித் தட்டும் வைத்துவிட்டாள். நான் கடைசிப் பக்கம் படித்தேன். கதாநாயகன் கையில் டிக்கெட்டோடு ரயிலடியில் நிற்கிறான், ரயில் வருகிறது, புத்தகம் முடிந்தது. ஏறினானா இல்லையாடா, மங்களம் இல்லாம வுட்டா வூட்டுக்கு ஆவுமா என்று அக்கா பிடித்துக்கொண்டாள். நான் பயந்து, அந்தப் பிளாட்பாரத்திலேயே ஆயிரம் நாதசுரம் முழங்க அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பொய்க்கெல்லாம் ஆரத்தி எடுக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

அப்போது வாசற்படியிலிருந்து குரல் வந்தது. ஏறியிருப்பான்டா பங்காரு, நடுவுல இறங்கியிருப்பான் என்றார் பாவா, உன் நைனாதான். சண்டைக்குப் போய்வந்ததைப் பற்றி அவர் வாய்திறந்தது அதுதான் முதல்தடவை. பர்மாச் சண்டையிலிருந்து திரும்பி வந்தபோது, நம் ஊருக்குச் சில ஸ்டேஷன் முன்னாலேயே மணவூரில் இறங்கிவிட்டாராம். வூடு கிட்ட வந்துடுச்சேன்னு பயமா இருந்துது, இன்னா பேசறதுன்னு தெரியல, வண்டிங்க போறதைப் பாத்துகினே குந்தியிருந்தேன் என்றார். நீ சின்னப் பெண்ணாக இங்கே ரயிலடியில் பூமாலையோடு, அவர் வராத வண்டியைப் பார்த்து அழுதுகொண்டு நின்றாயே, அன்றைக்குத்தான். பிறகு கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார், நம்ம பொண்ணு கடுதாசி வந்தா இப்பவும் அந்த மணவூர்லதான்டா குந்திகினு இருக்கேன் என்று.

மனோரமா, என் அபிப்பிராயம் இதுதான்: நல்ல நாவல். உலகத்தில் இதைவிட நல்ல நாவல் கிடையாது என்று சத்தியம் செய்வேன், வேறு நாவல் நான் படித்ததில்லை.

சுண்டலை நானே தின்றுவிட்டேன். ஆரத்தித் தட்டை அக்கா பூஜை மாடத்தில் எடுத்து வைத்திருக்கிறாள், நீ வந்த பிறகுதான் கற்பூரமாம். கொதிக்கவைத்த தண்ணீரே குடி, வெயிலில் அலையாதே. தணிகை முருகன் உன்னைக் காப்பாற்றுவான். எந்த வண்டியில் வருகிறாய் என்று மறக்காமல் எழுது. இதைக் கேட்பது நானில்லை, ரயிலடிக்கு நான் போறேன்னு எழுதுடா என்று பாவா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்.

உன் மாமன்,
பங்காரு