வாள் துடிக்கிற துடிப்பு

“நான் ஏன் உன் போனைத் தொடப்போறேன்?” “அப்ப அதுல அதிர்ற மோட்டார் தானா எழுந்து போச்சா?” காலையில் பாதியில் விட்ட நம் சண்டையை எழுத்தில் தொடர்கிறேன்.

நாடகத்துக்கு நீங்கள் செய்யும் விளக்கு எரியும் பொம்மை வாள் அதிர, இரண்டு பழைய போன்களின் மோட்டாரைப் போட்டதாகச் சொன்னீர்கள். வீட்டில் இருந்த பழைய போன் ஒன்றுதானே! நேற்றிலிருந்து என் போன் அதிரவில்லை. எனக்குக் காது மந்தம், மணியடித்தால் கேட்காது. மகள் பிரசவ வார்டில் இருக்கிறாள். கூப்பிட்டால் எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் தடயத்தை மறைக்க வேண்டாம், உங்கள் சின்னத் திருப்புளி என் பையில்.

பி.கு. வாளை அமுக்கிப் பார்த்தேன். என் இடுப்பில் செருகிய போன் துடிக்குமே, அதே துடிப்பு. உடனே, மதியத் தூக்கத்தில் இருந்த உங்களிடம் குனிந்து கேட்டேன்:

“என்னங்க, நெசமாவே தூங்குறீங்களா?”