மாரிச்செல்வம் அண்ணாச்சி பார்த்தது

ஜனவரி 22, புதன்
விலங்கியல் மாணவர்களிடம் பேச, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற மாரிச்செல்வம் அண்ணாச்சியை இன்று கல்லூரிக்குக் கூட்டி வந்தேன். போன மாதம் கடலுக்கடியில் காற்றுக் குழாய் மடங்கி மூச்சு முட்டியபோது, இறந்துபோன மகள் எதிரே வந்து நின்றாளாம். "மேல போப்பான்னா சார்." நான்தான் விளக்கினேன்: சாகிற நேரத்தில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி டிஎம்டி என்ற போதைப்பொருளைச் சுரக்கும், அந்த மயக்கம்தான் இது என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் கூடச் சிரித்து வைத்தார். நல்ல வகுப்பு.

ஜனவரி 27, திங்கள்
மூன்றாம் ஆண்டு ஏஞ்சலின் கேட்டாள்: "சார், அந்த டிஎம்டிக்கு எந்த ஆய்வு ஆதாரம்?" நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

ஜனவரி 28
இல்லை.
எலி மூளையில் கண்டிருக்கிறார்கள். மனிதனிடம் ரத்தத்தில், சிறுநீரில் துளித்துளி. காட்சி தெரிகிற அளவுக்கு மனித மூளை அதைச் சுரக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் எங்கே படித்தேன்? எங்க படிச்சேன், பாத்ததுதான் — ஏதோ ஒரு யூடியூப் வீடியோ. மூடநம்பிக்கையைக் கிண்டல் பண்ணுற வாத்தியாரு!

பிப்ரவரி 1, சனி
மார்க்கெட்டில் அண்ணாச்சியின் மனைவி சுடலைச்செல்வி. வகுப்பில் எவனோ எடுத்த வீடியோ அண்ணாச்சி தொழிலுக்குப் போகிற படகின் சொந்தக்காரர் தங்கப்பாண்டி வரை போயிருக்கிறது. "மண்டைக்குள்ள தானா போதை ஊறுதவன எப்படிக் கடல்ல எறக்கன்னு சொல்லிட்டாரு சார். ஒரு வாரமா வீட்டுலதான் இருக்காவ." என் மேல் கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

பிப்ரவரி 2, ஞாயிறு
சர்ச் ஆராதனையில் பாவ அறிக்கை சொல்ல நா எழவில்லை. அங்கிருந்து நேரே திரேஸ்புரம் போயிருக்கலாம். போகவில்லை.

பிப்ரவரி 4
போனேன். தங்கப்பாண்டியையும் வைத்துக்கொண்டே சொன்னேன்: "நான் சொன்னது தப்பு. அதுக்கு ஆதாரமே கிடையாது. இவரு ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல."
அண்ணாச்சி கேட்டார்: "அப்போ நான் பாத்தது எம் மவதானா சார்?"
"தெரியல அண்ணாச்சி."
அண்ணாச்சி சொன்னார்: "அன்னைக்கே இதச் சொல்லிருக்கலாமே."

பிப்ரவரி 5
வகுப்பிலும் சொன்னேன். யாரும் வீடியோ எடுக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்
சுடலைச்செல்வியைப் பார்த்தேன். அண்ணாச்சி மறுபடி கடலுக்குப் போகிறாராம். சந்தோஷம் என்றேன்.
"ஆமா சார். ஆனா முன்ன புள்ள வந்து நின்னதத் தெனமும் சொல்லுவாவ. இப்பம் அவ பேச்சையே எடுக்கதில்ல."