சொல் மாறாத வளவு

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் நோர்வேயில் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் உன்னை ஏசப் போகிறேன், சுகமில்லாத பிள்ளையை ஏசினால் எனக்குத்தான் பாவம். போனில் என்றால் நான் தொடங்கியதுமே "பேந்து எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது, முழுவதையும் வாசி.

போன கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியைச் சமையலறையில் நின்றபடி கேட்டேன். மே மாதம் ஒரேயடியாக வீட்டுக்கு வருகிறாயாம், ரிக்கெற்றும் எடுத்தாயிற்றாம். உன் மனிசன் கிருபானந்தனோடு சண்டை ஒன்றும் இல்லையாம், தங்கச்சியின் கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் போனதும் பிரிந்துவிடுவது என்று தாலி ஏறுவதற்கு முன்னமே இரண்டு பேரும் பேசி வைத்ததுதானாம். கடைசியில் "தங்கச்சி சிவாவை ஏசாதேங்கோ" என்று எனக்குப் புத்திமதி வேறு. நான் அப்பாவைத்தான் ஏசினேன், பக்கத்தில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. மணவறையில் உங்கள் இரண்டு பேரின் தலையிலும் நான் அழுது அழுது அறுகரிசி போட்டேனே, அப்போது நீங்கள் இருவரும் மனதுக்குள் சிரித்தீர்களோ? பெற்ற தாயை இப்படி ஏமாற்ற உனக்கு எப்படி மனம் வந்தது?

இதற்கெல்லாம் மூலகாரணம் இதே மொன்றியலில் ரொக்ஸ்பரோவில் இருக்கிற உன் மாமியார் இந்திராதேவி. அவருடைய பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்து முதலியார். வாய்க்கு வாய் சொன்ன சொல் மாறாத வளவு என்பார், ஊரில் அந்த வீடும் வளவும் பற்றை மண்டிக் கிடக்கின்றன, பட்டம் மட்டும் கடல் கடந்து வந்து தொலைக்காட்சிக்கு மேலே படமாகத் தொங்குகிறது, வாளும் சால்வையுமாக. உன் தங்கச்சி சிவாஜினியும் அவருடைய இளைய மகன் நிதுசனும் விரும்பினார்கள் என்று நாங்கள் மரியாதையாகப் போய்க் கேட்டதற்கு என்ன சொன்னார்? "மூத்தவன் இருக்க இளையவனுக்குக் கல்யாணம் செய்யிற வழக்கம் எங்கட வளவில இல்லை. உங்கட வீட்டிலயும் மூத்தது இருக்குத்தானே" என்றார், கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்கிற மாதிரி. நான் அப்போதே எழும்பி வந்துவிட்டேன். நீதான் ஒரு மாதம் கழித்து வந்து, "எனக்கு ஆளைப் பிடிச்சிருக்கு அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாய். அந்தப் பொய்யை நம்பித்தான் நான் தலையாட்டினேன்.

சிவாவை ஏசவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் இல்லை. தன் பிள்ளையைக் காடெறிக் காப்பகத்தில் விட்டுவிட்டு இங்கே வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "அக்காவிட்டை நான் கேட்டனானோ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்கள் ரெண்டு பேரும் போய்க் கல்யாண எழுத்தை முடிச்சிருப்பம். இனி நான் அந்த வீட்டில எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறது?" என்று கத்தினாள். கேட்டாயா? நீ தங்கச்சிக்குச் சந்தோசம் வாங்கிக் கொடுத்ததாக நினைத்திருக்கிறாய், அவள் தலையில் பாறாங்கல்லை அல்லவா ஏற்றி வைத்திருக்கிறாய்.

இனிமேல்தான் உண்மையான கோபம். உன் செய்தி வந்த பிறகு, தகப்பனின் திவசத்துக்கு ரொக்ஸ்பரோவுக்கு வந்த உன் மனிசன் மறுநாள் தனியாக எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமி, உங்கட பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. ஆர் கேட்டாலும் என்னிலதான் பிழை எண்டு சொல்லுங்கோ" என்றார். அவள் போவது உங்களுக்கு விருப்பமோ தம்பி என்று நேராகவே கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "விருப்பத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை மாமி. விடுறன் எண்டு சொல்லுக் குடுத்தனான். இப்ப நில்லும் எண்டு கேட்டா, தங்கச்சியைக் காட்டி அவவை ரெண்டாந்தரமும் கட்டிப்போட்ட மாதிரி" என்றார். போகும்போது வாசலில் நின்று, கொஞ்சம் கறித்தூள் வறுத்துத் தருவீர்களா, அவவுக்குக் கடைத்தூள் சரிவராது என்று கேட்டார். மே மாதம் வெளிக்கிடப் போகிறவளுக்கு எவ்வளவு தூள் காணும்? நான் எரிச்சலில் ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு வறுத்து அரைத்துக் கொடுத்தேன். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பெட்டியோடு வந்த மனிசன் தன் உடுப்புகளை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தூளைப் பெட்டிக்குள் அடுக்கினார்.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. போன மாரியில் அவருக்குப் பித்தப்பையில் ஒப்பரேசன் செய்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு எப்படி அழுதாய்? நாடகத்துக்கு அவ்வளவு கண்ணீர் எதற்கு? எந்தக் கதை தொடங்கினாலும் "அவர் சொன்னவர், அவருக்குப் பிடிக்காது, அவர் வந்திட்டார் வைக்கிறன்". இரண்டு பேரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி மரியாதை காத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பிரியப் போகிறீர்கள். நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

அவர் இங்கே வந்து பேசியதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் போனார். நானும் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, சொல்லமாட்டன் தம்பி என்று சொல்லி அனுப்பினேன். இதோ எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நான் முதலியார் வளவில் பிறந்தவள் இல்லை. நீயும் அங்கே பிறந்தவள் இல்லை, இந்தத் தெருவின் இரும்புப் படிகளில் ஆம்பிளைப் பிள்ளைகளோடு சண்டை பிடித்து வளர்ந்தவள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் வேலையால் வந்ததும் முன்னால் போய் நின்று, "நான் நிக்கட்டோ?" என்று கேள். போகட்டோ என்று கேட்டுவிடாதே, அந்தப் பாவி மரியாதைக்கு ஓம் என்று சொல்லித் தொலைப்பார்.

மழையில் தலை நனைந்து திரியாதே. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், அவருக்குக் கோபப்படத் தெரியாது, அதையும் சேர்த்து நானே பட வேண்டியிருக்கிறது. முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், அதற்கு முதல் ஆளுக்கொரு வாயைத் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. கேட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால், உடனே வா, விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப்பிடித்து அழ நான் நிற்பேன். கேட்காமல் வந்தாலும் கதவைத் திறப்பேன், பெற்றவள் வேறென்ன செய்வது. ஆனால் அன்றைக்கே அவருக்குப் போன் எடுத்து, நீ ஆஸ்பத்திரி வாசலில் அழுததை நானே சொல்லிவிடுவேன்.

உன்மேல் தீராத கோபத்தோடு,
அம்மா
யோகராணி