முகத்துல வந்தது ஆத்தா இல்ல

அன்பு மகன் கலைவாணனுக்கு அப்பா எழுதறது. அந்தக் குளிர்ல நீ நோய்நொடி இல்லாம இருக்கணும், அதுவே எங்களுக்குப் போதும். இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரல சாமி. உங்கம்மாவுக்கு ரொம்ப முடியல. உன் போன் கெடைக்கவே மாட்டேங்குது. கீழ கேம்ப்ல இருக்கற உன் சிநேகிதரு கிருஷ்ணப்பன் நாளைக்கு மலை ஏறி நீ இருக்கற எடத்துக்கு வர்றாராம், பக்கத்து வூட்டு சசிகலா இத போட்டோ புடிச்சு அவருக்கு அனுப்பறேன்னுச்சு.

மூட்டு வலிக்கு லூபஸ் நோய்னு சொல்லி தருமபுரி டாக்டரம்மா குடுத்த மாத்திரைய உங்கம்மா சாப்புட்டது உனக்குத் தெரியும். போன வாரம் ரெண்டு கன்னமும் செவசெவன்னு தடிச்சு காய்ச்சலும் வந்துச்சு. ஒடனே மாரியாத்தா வந்துட்டான்னு வாசல்ல வேப்பிலைய சொருகிட்டா. ஆத்தா வூட்டுல இருக்கறப்ப மாத்திர தொடக்கூடாதாம், தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாதாம். நீ பட்டாளத்துக்குப் போனப்ப தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டிகிட்டு இன்னும் எடுக்கலையாம், அதக் கேக்கத்தான் வந்திருக்காளாம். இப்ப மாத்திர முழுங்குனா ஆத்தா கோவம் உன் மேல எறங்கும்னு பயம் அவளுக்கு. கத்திப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், செவுத்துகிட்ட பேசுன கதைதான்.

நேத்துல இருந்து நெஞ்சு வலி. மல்லாந்து படுக்க முடியல, முன்னால குனிஞ்சு உக்காந்தாதான் மூச்சே வருது. அவ மூஞ்சிய போன்ல போட்டோ புடிச்சிகிட்டு தருமபுரிக்கு ஓடுனேன். டாக்டரம்மா பாத்துட்டு, இது அம்மை மாதிரி தெரியலைங்க, அந்த லூபஸ்தான், மாத்திர நிறுத்துனதும் இன்னும் முத்தியிருக்கு, யாரக் கேட்டு நிறுத்துனீங்கன்னு திட்டுனாங்க. நோய எதுக்கற சக்தியே ஒடம்பத் திருப்பி அடிக்குதாம், மூட்டோட நிக்காதாம், ரத்தக் கொழாயயும் இருதயத்தயும் புடிக்குமாம், இருதயத்தச் சுத்தித் தண்ணி கோத்திருக்கலாம், இப்பவே கூட்டிட்டு வாங்கன்னாங்க. காவலுக்குக் கட்டுன நாயி வூட்டுக்காரனையே கடிச்சா யாருகிட்டடா போய்ச் சொல்றது.

திரும்பி வந்து அவ காலப் புடிச்சு அழுதேன். அப்பவும் அசையல. எனக்கு வேற வழி தெரியல கண்ணு. நீ போன் பண்ணுனன்னு சொல்லிட்டேன். தீச்சட்டிய நானே லீவுல வந்து எடுக்கறேன், ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன், நீ வண்டி ஏறும்மான்னு நீ சொன்னதா சொல்லிட்டேன். எம்மவன் சொன்னானான்னு ரெண்டு தடவ கேட்டா. அப்பறம் மாத்துச் சேலைய எடுத்து வெக்கச் சொன்னா. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கேன், மொரப்பூர் தாண்டிட்டாங்களாம்.

நீ வேளாவேளைக்குச் சாப்புடு, நெஞ்சக் குளிர விடாத. ஆத்தா உனக்குத் தொணையிருப்பா, அவளுக்குத் தெரியாததா எம்பொழப்பு. ஒண்ணு மட்டும் மறந்துடாத. சிக்னல் கெடைச்சதும் அம்மாவுக்குப் பேசு, மொதல்ல அதத்தான் கேப்பா. ஆமாம்மா, நான்தான் சொன்னேன்னு சொல்லிடு. அப்பன் பொய்க்காரன்னு அப்பறமா திட்டிக்க, அதக் கேக்க அவ உசுரோட இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாது