மஸீனா மாமி பின்னிய கழுத்து

பூவரசங்குளம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் பேரனும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் துஆ. இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை, மனந்தான் சரியில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம். நம் ஊர் முபாறக் அடுத்த கிழமை லண்டனுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

வாப்பா விதைத்துவிட்டார். மழை தேவைக்குக் காணும், பன்றிதான் வயலை விடுகுதில்லை. முழங்கால் நோவோடு காவலுக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கிறாரா, நீ போன் எடுக்கும்போது ஒரு சொல் சொல்லு. தம்பி சிறாஜுக்கு வவுனியாவில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் உன் இணையப் பக்கத்தைப் போனில் பார்த்து, அக்கா எழுதுகிற பின்னல் குறிப்புகளை எத்தனை நாட்டுச் சனம் வாங்குது என்று பெருமையாக வாசித்துக் காட்டினான். நானும் பெருமையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன் மகள். அப்படி வாசித்துக்கொண்டு போகும்போதுதான் அது வந்தது. குழந்தைச் சுவெற்றரின் கழுத்துக்கு ஊசியில் எண்பது கண் எடுக்க வேண்டிய இடத்தில் அறுபது என்று பிழையாக எழுதிவிட்டேன், கழுத்து இறுகும், வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும், திருத்திய குறிப்பு இதோ என்று நீ போட்டிருக்கிறாய். போட்ட திகதியையும் சிறாஜ் வாசித்தான். திரும்பவும் ஒருமுறை வாசிக்கச் சொன்னேன்.

அந்தச் சுவெற்றரைத்தானே நாங்கள் ஊர்ப் பெண்கள் கூடி உன் பிள்ளைக்குப் பின்னி அனுப்பினோம். எங்கள் வேலை எப்படியென்று உனக்குத் தெரியாதா? நீ அனுப்பிய குறிப்பை நான் சத்தமாக வாசிக்க, ஒருத்தி முன்பக்கம், ஒருத்தி கை, கழுத்து எப்போதும் மஸீனா மாமிக்கு. சுவெற்றர் உன் கைக்கு வந்ததும் போன் எடுத்து என்ன சொன்னாய்? தலை போகேல்லை உம்மா, கழுத்தை மஸீனா மாமி இறுக்கிப் பின்னிப்போட்டா என்றாய். திருத்தம் போட்டு எத்தனையோ நாளைக்குப் பிறகு, பிழை உன்னுடையது என்று தெரிந்துகொண்டே சொன்னாய். நான் அதை நம்பி, எல்லாப் பெண்களும் இருக்கும்போது மாமியின் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ வாசிச்சதைத்தானே முனவ்வறா நான் பின்னினனான் என்று மட்டும் கேட்டார். என்ட மகள் எழுதினது பிழைக்காது என்றேன். ஊசியை வைத்துவிட்டு எழும்பிப் போனவர் பிறகு வரவில்லை.

முகம் தெரியாத சனத்திடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த உனக்கு, பெற்ற தாயிடம் பிழை விட்டுட்டன் உம்மா என்று சொல்ல என்ன வெட்கம்? உன் வாயால் வந்த பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிட்டாயே. நீ எனக்குச் செய்தது துரோகம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாமி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிறகு, தூரத்தில தனிய இருக்கிற பிள்ளை, அவளை ஏசிப்போடாதை, அந்தச் சட்டையை எறியாமல் அனுப்பச் சொல்லு, கழுத்தை அவிட்டுத் திருப்பிப் பின்னித் தாறன், குஞ்சுக்குக் குளிருமெல்லோ என்றார். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

சட்டையை முபாறக் திரும்பி வரும்போது அவனிடம் கொடுத்து விடு. அதற்கு முன்னம் மாமிக்குப் போன் எடு, நீயே எடு, உன் வாயாலேயே சொல்லு. அதுவரை எனக்கு எடுக்காதே. பேரனைக் காதை மூடிப் படுக்க வை, தொழுகையை விடாதே. அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக. என்ன கோபமென்றாலும் துஆவில் உன்னை விட்டுவிட மாட்டேன் மகள். முந்தி உன் பெயரைத்தான் முதலில் சொல்லுவேன், இப்போது மஸீனாவின் பெயரைச் சொன்ன பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா,
முனவ்வறா மஹ்றூப்