வெள்ளைப் பையின் பத்தியம்

கும்மிடிப்பூண்டி
6.7.2025, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தம்பி எபினேசருக்கு அக்கா ஷைனி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் பிரின்சியும் சுகமா? என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை பிளாக் பண்ண முடியாதே, அதனால் கடிதம்.

போனில் நீ பாதியில் வெட்டியதை முழுசாக எழுதுகிறேன். நாய்த் தீனிக் கம்பெனியில் இந்த பேக்கிங் வேலை நீ வாங்கித் தந்தது. நன்றி மறக்கவில்லை. நீலப் பை சாதா நாய்க்கு, வெள்ளைப் பை கிட்னி கெட்ட நாய்க்கு. வெள்ளைப் பை ஓட்டும் நாளில் மிஷினைக் கழுவி, வேறு மாவு ஏற்றி, தொட்டியில் பச்சை அட்டை மாட்டுவோம். அதில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். ஐந்து வாரமாகக் கழுவுவதும் இல்லை, மாவு மாறுவதும் இல்லை. அட்டை மட்டும் மாறுகிறது. சூப்பர்வைசர் சுப்பராயனைக் கேட்டேன். "இன்னாம்மா பேஜாரு பண்ற? நாய் இன்னா படிச்சா பாக்கப் போவுது? அட்டைய மாட்டிக்கினு போய்க்கினே இரு" என்கிறார்.

அந்தப் பையில் 'பத்தியம் பார்த்துச் செய்தது' என்று தமிழில் போடச் சொன்னது நீ. மீட்டிங்கில் எல்லோரும் கைதட்டினார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? நம் வீட்டு அடுப்பிலிருந்து. அப்பாவுக்கு கிட்னி போனபோது காயை வேகவைத்து, தண்ணீரை வடித்து, உப்பில்லாமல் இரண்டு வருஷம் தனிச் சட்டியில் சமைத்தேன். கடைசி வாரத்தில் நீ அவருக்கு ஒளித்துக் கொடுத்த கருவாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அது பாசம். இது என்னடா?

நீ விற்பனை மேனேஜர். மேலே இருப்பவர்களிடம் நீ சொன்னால் கேட்பார்கள். நிறுத்தச் சொல்.

அக்கா ஷைனி

*

பெங்களூரு
16.7.2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இனி ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே, பிரித்துப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு எழுது.

உனக்கு வியாபாரம் தெரியவில்லை. இன்றைக்கு ஊர் ஊராக நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். சர்க்கரைக்கு ஒன்று, கிட்னிக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று டாக்டரே தனித்தனித் தீனியைச் சீட்டில் எழுதித் தருகிறார். வெளிநாட்டுப் பை பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். நம் பை வந்த பிறகுதான் சாதாரண வீடுகளிலும் வாங்குகிறார்கள். போன வருஷம் நாலு ஊரில் விற்றோம், இப்போது முப்பது ஊர். அந்த மாவுக்கான சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதுவரை கடையில் பை இல்லாமல் விட்டால் கடைக்காரன் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள். மண்டல மேனேஜர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. நீ வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது.

கருவாட்டை எதற்கு இழுத்தாய்? அதனால்தான் அப்பா போனார் என்று நீ சொன்ன நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அது என் தொண்டையை விட்டு இறங்கவில்லை. தெரிந்துகொண்டே குத்துகிறாய்.

எபி

*

கும்மிடிப்பூண்டி
3.8.2025, ஞாயிறு

தம்பி எபிக்கு,

உன் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நேற்றும் பச்சை அட்டை மாட்டச் சொன்னார்கள். மாட்ட மாட்டேன் என்று தள்ளி நின்றேன். வேறு ஒருத்தி மாட்டினாள்.

நேற்று மாலை திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி ஒரு அம்மா கேட்டில் வந்து நின்றார். பெயர் தமிழ்செல்வி. கையில் மடித்த வெள்ளைப் பை. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் போன பிறகு அவருக்குத் துணை ஒரு நாய்தான். டாக்டர் எழுதித் தந்த தீனியை டம்ளரில் அளந்து அளந்து வைத்திருக்கிறார். போன வாரம் வாந்தி எடுத்துச் செத்துவிட்டது. அவர் சண்டை போட வரவில்லை எபி. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அது மூஞ்சியப் பாத்துக்கினு ஒரு நாளு ரெண்டு பருக்கை சோறு வச்சிட்டேம்மா. அதனாலதான் பூடுச்சா?" என்று கேட்டார்.

பையில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஜூன் 12. நான் கையெழுத்துப் போட்ட நாள். முற்றிய நோயிலும் செத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ரயில் ஏற்றிவிட்டேன்.

நாய்க்கு என்ன தெரியும் என்கிறீர்கள். நாய்க்குத் தெரியாது என்பதால்தானே அந்த அம்மா நம்மை நம்பினார்? இந்த மாதம் பதினேழாம் தேதி வரை பார்ப்பேன். அதற்குள் நீயே முன்வந்து சொல். இல்லையென்றால் மறுநாள் திங்கட்கிழமை, திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பேன்.

ஷைனி

*

திருவள்ளூர் ரயில் நிலையம்
18.8.2025, திங்கள்

அன்புள்ள தம்பி எபிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. மனு கொடுத்துவிட்டேன். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று முதலில் என் தப்பைத்தான் எழுதினேன். வேலை போகும். போகட்டும். பையில் அந்த வார்த்தையை எழுதியது யார் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன், ஒளிக்க மாட்டேன்.

நேற்று ஆராதனை முடிந்து திருநின்றவூர் போனேன். "நீங்க பத்தியம் தப்பலம்மா, நாங்கதான் தப்பினோம்" என்று தமிழ்செல்வி அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதார்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா அந்தக் கருவாட்டைத் தின்னவே இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் படுக்கையைச் சுருட்டும்போது தலையணை உறைக்குள் காகிதத்தோடு அப்படியே இருந்தது. உன் மனசு நோகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் சாவு வீட்டில் ஆத்திரத்தில் "உன்னாலதான்டா" என்று சொல்லிவிட்டிருந்தேன். சொன்னதைத் திருப்பி எடுக்க வெட்கப்பட்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அந்த அம்மா கேட்டில் நின்று கேட்டபோதுதான் உனக்கு நான் செய்தது எனக்கு உறைத்தது. என்னை மன்னித்துவிடு.

செய்யாத தப்புக்குப் பன்னிரண்டு வருஷம் அழுதாய் எபி. செய்ததற்கு ஒரு நாளாவது அழு.

உன் அக்கா
ஷைனி